அளவுகோல் எவருடையது?

தன்னை அளந்து பார்க்கும் ஆசை மனிதனுக்கு இயல்பானது. உயரத்தை அளக்க அடிக்கோல் உண்டு. எடையை அறியத் தராசு உண்டு. ஆனால், ‘வாழ்வில் நான் எவ்வளவு முன்னேறியிருக்கிறேன்?’ என்னும் வினாவுக்கு விடை கூறும் கருவி ஏதுமில்லை. அந்நிலையில் மனிதன் தன்னையொத்த பிறரையே அளவுகோலாக்கிக் கொள்கிறான் என்று 1954ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலறிஞர் லியோன் பெஸ்டிங்கர் விளக்கினார். பெருஞ்செல்வரைக் கண்டு நாம் உறக்கம் இழப்பதில்லை. ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்தவன் ஒரு படி மேலேறினால்தான் உறக்கம் கெடுகிறது.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் இவ்வுண்மை கண்கூடு. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழில் வளாகம் உருவாயிற்று. 1980இல் அசோக் லேலண்ட் ஆலை வந்தது. அப்பத்தாண்டிலேயே டைட்டன் கைக்கடிகார ஆலையும் வந்தது. எல்லைக்கு அப்பால் ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் பெங்களூரு. ஒன்றாகப் பட்டம் பெற்ற நால்வரில் ஒருவர் நிரந்தரப் பணியாளர், ஒருவர் பயிற்சியாளர், ஒருவர் ஒப்பந்தத் தொழிலாளர், மற்றவர் அத்திப்பள்ளியைக் கடந்து மென்பொருள் நிறுவனத்திற்குச் செல்பவர். திருமண வீட்டில், “தம்பிக்கு என்ன சம்பளம்?” என்ற ஒரு கேள்வி போதும், அவர்களுள் ஒருவர் அடுத்த திருமணத்திற்கு வருவதையே நிறுத்திவிடுவார். வீட்டுக் கடன், தந்தையின் நோய், ஆலையில் ஆளெடுப்பு நின்றுபோன ஆண்டு ஆகிய எவற்றையும் அந்தக் கேள்வி அறியாது.

டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களின் இளமையை இங்கு எண்ணிப் பார்க்கலாம். விமானியாக வேண்டும் என்பது அவரது கனவு. டேராடூனில் நடந்த விமானப்படைத் தேர்வில் இருந்த இடங்கள் எட்டு. அவர் பெற்றதோ ஒன்பதாம் இடம். மனமுடைந்த அவர் ரிஷிகேசம் சென்று, பின் 1958இல் பாதுகாப்புத் துறையில் அறிவியல் உதவியாளராகப் பணியேற்றார். அவர் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் 1979 ஆகஸ்ட் 10இல் கடலில் வீழ்ந்தது. 1980 ஜூலை 18இல் ரோகிணி செயற்கைக்கோளை விண்ணில் நிறுத்தியது.

‘அந்த எட்டுப் பேரினும் அவர் பெரியவரானார்’ என்று இவ்வரலாற்றை முடிப்பது எளிது. அவ்வாறு முடித்தால் மீண்டும் ஒப்பீட்டிலேயே வீழ்வோம். எட்டுப் பேரும் தம் கடமையை வானில் ஆற்றச் சென்றனர்; கலாம் தம் கடமையை வேறிடத்தில் கண்டார். ஒன்பது என்னும் எண் அன்றிருந்த இடங்களின் கணக்கையே காட்டியது. அவரது ஆற்றலின் கணக்கை அன்று. 1979க்குப் பின் அவருக்கு உதவியது, ஏவுகலத்தில் நேர்ந்த பிழை எது என்னும் ஆராய்ச்சியே. பிறர் எங்கே நிற்கிறார்கள் என்னும் கவலை அன்று.

மாணவச் செல்வங்களே! பிறரைப் பாராதிருங்கள் என்று கூறவில்லை. ‘அவன் எவ்வளவு வாங்குகிறான்?’ என்பது ஒப்பீடு. ‘அவன் அதை எப்படிக் கற்றான்?’ என்பது கல்வி. முன்னது மனத்தை அரிக்கும். பின்னது கையைத் திருத்தும். ஆறு திங்களுக்கு முன் உங்களால் இயலாதிருந்து இன்று இயல்வது எது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். அதுவே உங்களுக்குரிய அளவுகோல்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: இளைஞரைக் காணும்போது சம்பளத்தைக் கேட்பதற்கு முன், “இப்போது என்ன கற்றுக்கொண்டிருக்கிறாய்?” என்று கேளுங்கள். நிமிர்ந்து விடை சொல்ல ஒவ்வொருவரிடமும் ஏதேனும் ஒன்று இருக்கும்.