சிவந்துபோன ஈஸ்ட்

ராசிபுரமோ ஆத்தூரோ, டீக்கடையில் நம் கைக்கு வரும் பன் உப்பியிருப்பது ஈஸ்ட்டின் வேலை. ஒரே செல்லால் ஆன அந்த உயிரிக்குள் ஏறத்தாழ 6,000 மரபணுக்கள் உண்டு. 1996-ல் அவற்றை முழுதாகப் படித்து முடித்தார்கள். பிறகு ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தார்கள். நீக்கினால் ஈஸ்ட் பிழைக்காது என்ற வகை, ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மற்றவை ‘இன்றியமையாதவை அல்ல’ என்ற பட்டியலுக்குப் போயின.

இங்கேதான் எல்லோருக்கும் சறுக்குகிறது. அப்படியானால் அவை வெட்டி மரபணுக்கள் என்று நினைத்துவிடுகிறோம். அந்தப் பட்டியலில் இருக்கும் ஏட்-2 என்ற ஒன்றை மட்டும் கெடுத்துப் பார்ப்போம்.

டிஎன்ஏ எழுதப்படும் நான்கு எழுத்துகளில் ஒன்று அடினைன். ஈஸ்ட் அதைத் தானே பல படிகளில் தயாரித்துக்கொள்ளும். அதில் ஒரு படியை நடத்தும் நொதி, ஏட்-2 சொல்கிறபடி உருவாகிறது.

நம் பக்கத்துச் சேகோ ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள். குச்சிக்கிழங்கைத் தோலுரித்து, அரைத்து, பால் பிழிந்து, தொட்டியில் மாவைப் படியவிட்டு, குருணையாக்கி வறுக்கிறார்கள். குருணையாக்கும் இடத்தில் வேலை நின்றால் ஜவ்வரிசி வராது என்பதோடு போகாது. ஈரமாவு தொட்டியிலேயே தேங்கிப் புளிக்கும், நிறம் மாறும்.

ஈஸ்ட்டிலும் பாதியில் நின்ற சரக்கு தேங்குகிறது. செல் அதைக் குளுட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறோடு சேர்த்து, வாக்குவோல் எனும் உள்பைக்குள் தள்ளிவிடுகிறது. ஆக்சிஜன் பட்டு அது சிவக்கிறது. கண்ணாடித் தட்டில் பாலாடை நிறத்தில் வளரவேண்டிய திட்டுகள் செக்கச்செவேலென்று நிற்கும், மைக்ராஸ்கோப்பே வேண்டாம். இந்தச் சரக்கு உள்பைக்குள் போகும் வழியைத் துலக்கியதில் சண்டிகரில் ஆனந்த் பச்சாவத் குழுவினர் 2003-ல் வெளியிட்ட ஆய்வுக்கும் பங்குண்டு.

இனிதான் சுவாரசியம். உணவில் அடினைனைத் தாராளமாகப் போட்டால், அதே கெட்ட மரபணுவோடு ஈஸ்ட் வெள்ளையாகவே வளரும். வெளியில் கிடைப்பதால் சொந்தத் தயாரிப்பை ஆரம்பத்திலேயே குறைத்துக்கொள்கிறது, தேங்க எதுவுமில்லை. கொஞ்சமாகப் போட்டால் சிவக்கும். அறவே போடாவிட்டால் வளராது. ‘இன்றியமையாதது அல்ல’ என்றவர்கள் நிறையச் சாப்பாடு போட்டுத்தான் அப்படிச் சொன்னார்கள்!

சில நாள் கழித்துச் சிவப்புத் திட்டின் ஓரத்தில் வெள்ளை முளைப்பதும் உண்டு. பழுது சரியாகிவிட்டதாகத் தோன்றும். ஆனால் பல சமயம் ஏட்-2 நடத்தும் படிக்கு முந்தைய படியொன்றும் கெட்டிருக்கும். அரவையே நின்றபின் தொட்டியில் மாவு ஏது? தேக்கத்தின் தொல்லை போனதால் அந்த வெள்ளை, சிவப்பைவிட வேகமாகவும் வளரும்.

ஏட்-2 மட்டும் இப்படியல்ல. 2008-ல் வெளியான ஆய்வொன்றில், மரபணு நீக்கிய ஈஸ்ட்களை ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெவ்வேறு மருந்துகளிலும் சூழல்களிலும் வளர்த்துப் பார்த்தார்கள். 97 சதவீத மரபணுக்களின் இழப்பு, ஏதாவது ஒரு சூழலிலாவது வளர்ச்சியில் தெரிந்தது.