புகைக்கு அடங்காத கொசுக்கள்

ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்து, அதைத் தாங்கும் கொசுக்களை நாமே பெருக்கிவிட்டோம். விரட்டியையும் கொல்லியையும் இணைத்துச் செய்த ஆய்வுகள் ஆவடியை அடுத்த கோவில்பதாகைக்கு என்ன சொல்கின்றன?

கார்த்திகை மழை ஓய்ந்து பத்து நாள் ஆனால் போதும், கோவில்பதாகையில் மாலை ஐந்தரை மணிக்கே கதவு, ஜன்னல்களைச் சாத்திவிடுகிறார்கள். முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, இறக்கையோடு கிளம்ப நம்மூர் வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாட்கள்தான் ஆகும். தேங்கிய மழைநீர் வற்றும் முன்பே ஒரு தலைமுறை பறக்கத் தொடங்கிவிடுகிறது. உடனே எழும் கோரிக்கை ஒன்றுதான்: “வாரா வாரம் புகை அடிக்கச் சொல்லுங்க.”

புகை அடிக்கிறார்கள். தெரு வெள்ளையாக மறைகிறது, டீசல் வாடை வீட்டுக்குள் வருகிறது. புகை கலைந்ததும் கொசு திரும்பிவிடுகிறது. மருந்தில் ஏதோ கலப்படம் என்று கோபம் பணியாளர்கள் மேல் பாய்கிறது. குற்றம் அவர்களுடையது அல்ல. புகை, அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டுமே தொடும். தண்ணீருக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. கட்டிலுக்கு அடியிலும் துணிகளுக்கு நடுவிலும் பதுங்கியிருக்கும் ஏடிஸ் கொசுவைப் பெரும்பாலும் எட்டவே எட்டாது. இதெல்லாம் போக இன்னொரு காரணமும் உண்டு. அதுதான் இன்று உலகம் முழுக்க மருத்துவப் பூச்சியியலாளர்களைக் கவலைப்பட வைத்திருக்கிறது: மருந்து மேலே பட்டும் சாகாத கொசு.

மூன்று தண்ணீர், மூன்று கொசு

சுந்தரராஜப் பெருமாள் கோயிலும் ஏரியும் கோவில்பதாகையின் பழைய அடையாளங்கள். ஆவடி 2019இல் மாநகராட்சியானது; அதற்கு முன்பிருந்தே இந்தப் பக்கம் வயல்களும் வெற்று நிலங்களும் மனைகளாக மாறிவருகின்றன. குடியேறிய வீடு, கான்கிரீட்டுக்குத் தண்ணீர் கட்டி நிற்கும் வீடு, முள் மண்டிய காலி மனை என்று எல்லாம் ஒரே தெருவில் இருக்கும். சென்னையின் மேற்குப் புறநகர் முழுக்க இதே கதைதான். கொசுவுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

செப்டிக் டேங்கிலும் சாக்கடையிலும் வளர்வது கியூலெக்ஸ். இரவில் கடித்துத் தூக்கத்தைக் கெடுக்கும் இதுதான் யானைக்கால் நோயையும் பரப்பும். கிணறு, சம்ப், மூடாத மாடித் தொட்டி ஆகியவற்றில் வளர்வது அனாஃபிலஸ் ஸ்டீபன்சி. சென்னையில் மலேரியா பரப்பும் கொசு இதுவே. பிளாஸ்டிக் டிரம், டயர், பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சேரும் தட்டு ஆகிய இடங்களில் வளர்வது ஏடிஸ் எஜிப்டி. பகலில் கடிக்கும் இந்தக் கொசு டெங்கு, சிக்குன்குனியா இரண்டையும் சுமக்கிறது. தேசியக் கணக்கின்படி 2012இல் தமிழகத்தில் 12,826 பேருக்கு டெங்கு வந்து 66 பேர் இறந்தார்கள். 2017இல் 23,294 பேருக்கு வந்தது. 65 பேர் இறந்தார்கள்.

இந்த மூன்றையும் ஒரே புகையால் அடக்கிவிடலாம் என்று நம்புவதுதான் நமது முதல் தவறு.

எல்லாம் ஒரே குடும்பம்

இரண்டாவது தவறு நம் வீட்டுக்குள் இருக்கிறது. கொசுவர்த்திச் சுருளில் இருப்பது அலெத்ரின் போன்ற மருந்து. பிளக்கில் செருகும் லிக்விடில் இருப்பது பெரும்பாலும் டிரான்ஸ்ஃபுளூத்ரின். மருந்து தோய்த்த கொசுவலையில் டெல்டாமெத்ரின். புகைக்குப் பயன்படும் மருந்துகளில் சைஃபெனோத்ரின் ஒன்று. பெயர்கள் வேறாக இருந்தாலும் எல்லாம் பைரித்ராய்டு என்ற ஒரே குடும்பம். புகைக்கு எடுக்கும் பைரித்ரம் சாறும் கொசுவின் உடலில் அதே இடத்தில்தான் வேலை செய்கிறது.

அந்த இடம் நரம்பிலுள்ள சோடியம் வழித்தடம். பைரித்ராய்டு அங்கே ஒட்டிக்கொண்டு வழியை மூடவிடாமல் செய்ய, நரம்பு ஓயாமல் துடித்துக் கொசு சுருண்டு விழும். லட்சத்தில் ஒரு கொசுவுக்கு அந்த வழித்தடத்தின் அமைப்பு சற்றே மாறியிருந்தால், பூட்டை மாற்றிய வீட்டில் பழைய சாவி திரும்பாததுபோல மருந்து செல்லாமல் போகிறது. மற்றவை சாக, அது பிழைத்து முட்டையிடுகிறது. ஏடிஸ் ஒரு முறை இடுவதே நூறு முட்டை வரை இருக்கும். கே.டி.ஆர். எனப்படும் இந்த மரபணு மாற்றம் இந்திய ஏடிஸ் கொசுக்களிலும் பதிவாகியிருக்கிறது. வேறு சில கொசுக்கள் மருந்தை உடலுக்குள் விட்டு, ஆக்சிடேஸ் போன்ற நொதிகளால் சிதைத்துவிடுகின்றன.

டி.டி.டி.யும் குறிவைப்பது இதே சோடியம் வழித்தடத்தைத்தான். பால் முல்லர் 1939இல் அதன் பூச்சிக்கொல்லித் திறனைக் கண்டறிந்து 1948இல் நோபல் பரிசு பெற்றார். 1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் டி.டி.டி.யை நம்பித் தொடங்கியபோது இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா. 1965இல் அது ஒரு லட்சம் அளவுக்கு இறங்கியது. ஆனால் 1959இலேயே குஜராத்தில் டி.டி.டி.க்கு அடங்காத அனாஃபிலஸ் கொசுக்கள் கண்டறியப்பட்டிருந்தன. எச்சரிக்கை போதிய அளவு காதில் விழவில்லை. 1976இல் நோயாளிகள் 64 லட்சத்தைத் தாண்டினார்கள். நிதியும் கண்காணிப்பும் தளர்ந்தது ஒரு காரணம் என்றால், மருந்துக்குப் பழகிய கொசு இன்னொரு காரணம்.

இரண்டு மருந்து சேர்ந்தால்

புதிய பூச்சிக்கொல்லியைக் கண்டுபிடித்துப் புழக்கத்துக்குக் கொண்டுவரப் பல ஆண்டுகள் ஆகும், செலவும் ஏராளம். அதனால் ஆய்வாளர்கள் கையில் இருப்பவற்றையே வேறு விதமாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பிரான்சின் வளர்ச்சிக்கான ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செட்ரிக் பென்னெத்தியே, வின்சென்ட் கோர்பெல் உள்ளிட்டோர் மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில் இதைக் களத்தில் சோதித்தார்கள். முடிவு 2009இல் வெளியானது.

சோதனை இப்படி: கொசுக்கள் தாமாக வந்து போகும் குடிசைகளில் கொசுவலை கட்டுவார்கள். ஒரு வலையில் பைரிமிபாஸ் மெத்தில் என்ற பூச்சிக்கொல்லி குறைந்த அளவில். ஒன்றில் தோலில் பூசும் விரட்டியான டீட் அல்லது ஐகாரிடின் மட்டும். இன்னொன்றில் இரண்டும் சேர்த்து. இரவு ஆள் வலைக்குள் படுப்பார். விடிந்ததும் எத்தனை கொசு செத்தது, எத்தனை இரத்தம் குடித்தது, எத்தனை குடிசையை விட்டு வெளியேறப் பார்த்தது என்று எண்ணுவார்கள். தனித்தனியாகப் பயன்படுத்தியதைவிடச் சேர்த்த வலைகளில் மூன்றுமே மேம்பட்டிருந்தன: சாவு அதிகம், கடி குறைவு, வெளியேறியவை அதிகம். இரண்டின் பலனைக் கூட்டினால் வரும் அளவையும் தாண்டிக் கொசுக்கள் செத்தன. மருந்துக்குப் பழகிய, இயற்கையாகத் திரியும் கொசுக்களும் தப்பவில்லை.

பைரிமிபாஸ் மெத்தில் பைரித்ராய்டு அல்ல, ஆர்கனோபாஸ்பேட் குடும்பம். அது சோடியம் வழித்தடத்தை விட்டுவிட்டு, நரம்புச் செய்தியை நிறுத்தும் கோலினெஸ்டரேஸ் நொதியை முடக்குகிறது. கே.டி.ஆர். மாற்றம் அங்கே கொசுவுக்கு உதவாது. விரட்டி சேரும்போது விஷம் ஏன் இப்படிக் கூடுகிறது என்று தேடியதில், கொசுவின் உடலிலுள்ள ஆக்சிடேஸ் நொதிகளுக்கு அதில் பங்கிருப்பது தெரிந்தது. விரட்டி கொசுவை அண்டவிடாமல் தடுக்க, அதையும் மீறி வலையைத் தொடும் கொசுவைக் குறைந்த அளவுக் கொல்லியே சாய்க்கிறது.

இதில் தடைகளும் உண்டு. டீட் ஆவியாகிப் போகும் பொருள்; வலையில் மாதக்கணக்கில் நிற்காது. டீட் பூச்சிகளின் கோலினெஸ்டரேஸை மட்டுமல்ல, பாலூட்டிகளின் நொதியையும் ஓரளவு தடுக்கக்கூடியது என்று கோர்பெல் பங்கேற்ற இன்னோர் ஆய்வு அதே ஆண்டில் காட்டியது. ஆகவே பாதுகாப்புச் சோதனை முடியாமல் எந்தக் கலவையும் மனிதர் படுக்கும் இடத்துக்கு வரக்கூடாது. படித்ததை வைத்துக்கொண்டு வீட்டில் எதையும் எதனோடும் கலக்க வேண்டாம். உயிருக்கே ஆபத்து.

ஆனால் வேறுவேறு வழியில் தாக்கும் இரண்டைச் சேர்ப்பது என்ற எண்ணம் ஆய்வகத்தோடு நிற்கவில்லை. கொசுவின் ஆக்சிடேஸை முடக்கும் பி.பி.ஓ. சேர்த்த பைரித்ராய்டு வலைகளை உலக சுகாதார நிறுவனம் 2017இல் நிபந்தனையோடு ஏற்றது. குளோர்ஃபெனாபிர் என்ற வேறு குடும்ப மருந்து சேர்ந்த வலைகளை 2023இல் பரிந்துரைத்தது. ஆப்பிரிக்காவில் அவை மலேரியாவைக் குறைத்துவருகின்றன.

கோவில்பதாகைக்கு என்ன செய்யலாம்?

முதல் வேலை, சோதிக்காமல் அடிப்பதை நிறுத்துவது. சோதனை எளிதானது. மூன்று முதல் ஐந்து நாள் வயதுள்ள, இரத்தம் குடிக்காத பெண் கொசுக்களை, ஒரு குழாய்க்கு 25 வரை, மருந்து தோய்த்த தாள் சுற்றிய குழாய்களில் ஒரு மணி நேரம் விடுவார்கள். பிறகு சுத்தமான குழாய்க்கு மாற்றிச் சர்க்கரைத் தண்ணீர் வைத்து, 24 மணி நேரம் கழித்து எண்ணுவார்கள். நூற்றுக்கு 98 அல்லது அதற்கு மேல் செத்தால் மருந்து வேலை செய்கிறது. 90க்குக் குறைவாகச் செத்தால் அந்த ஊரில் அந்த மருந்துக்கு எதிர்ப்பு உறுதி. 1975 முதல் இயங்கும் கொசு ஆராய்ச்சி மையம் பக்கத்திலேயே புதுச்சேரியில் இருக்கிறது. மதுரையிலும் அதன் களநிலையம் உண்டு. ஆவடி மாநகராட்சியும் சுகாதாரத் துறையும் இந்த அறிவைக் கேட்டுப் பெறலாம், பெற வேண்டும்.

அடுத்தது, மருந்தின் குடும்பத்தை மாற்றுவது. வீடு முழுக்க பைரித்ராய்டு எரியும்போது தெருவிலும் அதையே அடித்தால் தாங்கும் கொசுவைத்தான் பொறுக்கி எடுத்து வளர்க்கிறோம். எந்த மருந்து எத்தனை மாதம், அதன்பின் எது என்று சோதனை முடிவை வைத்துத் திட்டமிட வேண்டும்.

விரட்டிக்கும் உரிய இடம் கொடுக்க வேண்டும். டெங்குக் கொசு பகலில் கடிக்கிறது; இரவில் சுருள் கொளுத்துவதால் பள்ளிக்கூடத்திலும் பஸ் நிறுத்தத்திலும் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இல்லை. டீட், ஐகாரிடின், டைஎத்தில் பென்சமைடு போன்ற தோலில் பூசும் விரட்டிகள் பைரித்ராய்டு குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. நம் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் குவாலியர் ஆய்வகமும் டெபா என்ற விரட்டியை உருவாக்கியிருக்கிறது. மழைக்காலத்தில் காலை, மாலை பிள்ளைகளின் கை கால்களில், வயதுக்கேற்ற அளவை உறையில் பார்த்துப் பூசி அனுப்புவது, மூடிய அறையில் சுருள் புகையைச் சுவாசிப்பதைவிட நல்லது.

எல்லாவற்றுக்கும் அடிப்படை, புழு. “அம்மா, தொட்டி மூடியிருக்கா? டிரம்மை எப்ப கழுவினீங்க?” என்று டார்ச்சோடு வாசலில் நிற்கும், வீடுவீடாகக் கொசுப்புழுவைத் தேடும் டி.பி.சி. பணியாளரை உள்ளே விடுங்கள். காய்ந்து ஒட்டிய ஏடிஸ் முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருந்து தண்ணீர் பட்டதும் பொரியும். ஆகவே டிரம்மைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய் வாயில் கொசுவலைத் துணியை இறுகக் கட்டினால் கியூலெக்ஸ் உள்ளே போகவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. தேய்த்துக் கழுவிய டிரம்முக்கும் கட்டிய துணிக்கும் எந்தக் கொசுவும் எதிர்ப்புத்திறன் பெற்றுவிட முடியாது.

அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் புகை வேண்டும் என்று மட்டும் கேட்காமல், இந்த மூன்றையும் கேளுங்கள்: எங்கள் பகுதியில் அடிக்கும் மருந்தின் பெயர் என்ன? எங்கள் கொசு அதற்குச் சாகிறதா என்று கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? சாகவில்லை என்றால் அடுத்து எது? பதில் எழுத்தில் கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள். அடிக்கிற மருந்துக்குச் செலவாவது நம் வரிப்பணம், அது பலிக்காவிட்டால் காய்ச்சலில் விழுவது நம் வீட்டுப் பிள்ளைகள்.