துணைமருந்து

பகைவன் வரவைக் காவலன் கண்டு முரசறைந்தாலன்றிப் படை எழாது. நம் உடலும் அத்தகையதே. பிறவியிலமைந்த எதிர்ப்பாற்றல் காவலன். கிருமியை இனங்கண்டு நினைவிற் கொள்ளும் ஆற்றல் படை. செயலிழக்கச் செய்த கிருமியாலாகிய தடுப்பு மருந்து, காவலனை நன்கு எழுப்புவதில்லை. ஆதலின் துணைமருந்து சேர்ப்பர்.

1926-இல் இங்கிலாந்தில் கிளென்னி என்னும் அறிஞர், தொண்டை அடைப்பான் தடுப்பு மருந்துடன் படிகாரம் சேர்த்து, அதன் ஆற்றலைப் பெருக்கினார். இக்காலத்து வேதியியலார் இதற்கெனவே சேர்மங்களை ஆக்குகின்றனர். ஐதராபாத்தில் உருவாகி 2021-இல் வழங்கப்பெற்ற கோவாக்சின் என்னும் கொரோனாத் தடுப்பு மருந்தில், இமிடசோகுவினோலின் இனச் சேர்மம் ஒன்று சேர்க்கப்பெற்றது. அது வைரசின் மரபுப்பொருளைப் போல உயிரணுக்களின் உணர்விகளைத் தூண்டும். கிருமி தாக்காமலே காவலன் விழித்தெழுவான்.

அவ்வெழுச்சி அளவு கடப்பின் காய்ச்சலும் வீக்கமும் மிகும். மாணவர்களே, எழுப்புதலினும் அளவறிந்து எழுப்புதலே அரிது.