முதல் செக்டரைப் படிப்பது யார்? பழைய கணினிக்கு ஹார்டு டிஸ்க் கன்ட்ரோலர் தேர்வு

தமிழக எல்லையிலுள்ள ஜூஜுவாடிக்கு ஒரு பக்கம் ஓசூர் சிப்காட் ஆலைகள். மறுபக்கம் எல்லையைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அதற்கப்பால் எலெக்ட்ரானிக்ஸ் சிட்டி. அசோக் லேலண்ட், டிவிஎஸ் ஆகியவை 1980 வாக்கில் இங்கே உற்பத்தியைத் தொடங்கின. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு புதிய கணினிக் கொள்கையை அறிவித்த பிறகு எச்சிஎல், விப்ரோ, சென்னையின் ஸ்டெர்லிங் போன்ற நிறுவனங்களின் கணினிகள் இத்தகைய ஆலைகள் உட்பட நாடெங்கும் அலுவலக மேசைகளில் ஏறின. அமெரிக்காவின் ஐபிஎம் எக்ஸ்டி, ஏடி மாதிரிகளை ஒட்டிச் செய்யப்பட்டவை அவற்றில் நிறைய. அப்படி ஒன்று காயலான் கடையிலோ, பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலோ, மாமா வீட்டுப் பரணிலோ இன்று உங்களுக்குக் கிடைக்கலாம். மானிட்டரில் எழுத்து வரும், விசைப்பலகை வேலை செய்யும், ஹார்டு டிஸ்க் மட்டும் செத்திருக்கும். மாற்று டிஸ்க்கைக் கணினியோடு இணைக்க எந்தக் கன்ட்ரோலர் கார்டை வாங்கிப் போடுவது என்ற கேள்வி அப்போது வருகிறது.

பலரும் முதலில் வேகத்தைக் கேட்கிறார்கள். அதைக் கடைசியில் கேட்டால் போதும். கணினியை ஆன் செய்ததும் டிஸ்க்கின் முதல் செக்டரை எந்த நிரல் படிக்கிறது, அந்த நிரல் எந்தச் சிப்பில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

எக்ஸ்டி வகைக் கணினியின் மதர்போர்டில் உள்ள பயாஸுக்கு ஃபிளாப்பியைப் படிக்கத் தெரியும், ஹார்டு டிஸ்க்கைப் படிக்கத் தெரியாது. அந்த அறிவு கன்ட்ரோலர் கார்டிலேயே ஒரு ரோம் சிப்பில் இருக்கும். கணினி எழும்போது பயாஸ், சி8000 என்ற முகவரியிலிருந்து இரண்டு இரண்டு கேபியாகத் தாண்டி, குறிப்பிட்ட இரண்டு பைட் அடையாளம் இருக்கிறதா என்று தேடும். இருந்தால் அந்த ரோமிலுள்ள நிரலை ஓட்டும். அந்த நிரல் டிஸ்க் படிக்கும் வேலையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். அதன் பிறகே முதல் செக்டர் நினைவகத்துக்கு வரும், டாஸ் எழும். கார்டில் ரோம் இல்லையென்றாலோ, இரண்டு கார்டுகளின் ரோம்கள் ஒரே முகவரியில் மோதிக்கொண்டாலோ, டிஸ்க் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பூட் ஆகாது. ஐபிஎம்மின் முதல் பிசியில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1982 அக்டோபர் 27 தேதியிட்ட பயாஸுக்கு முந்தையவை இந்த ரோம் தேடலையே செய்யாது. பயாஸ் சிப்பை மாற்றாமல் அதில் எந்த ஹார்டு டிஸ்க் கார்டைப் போட்டும் பயனில்லை.

பழைய பெட்டியைத் திறந்ததும் பெரும்பாலும் கண்ணில் படுவது எஸ்டி-506 வகைதான். அகலமான 34 பின் கேபிள் ஒன்று, குறுகிய 20 பின் கேபிள் ஒன்று என இரண்டு இருந்தால் அதுவே. சீகேட் நிறுவனம் 1980இல் 5 எம்பி கொள்ளளவோடு கொண்டுவந்த டிஸ்க்கின் பெயர்தான் அந்த இணைப்பு முறைக்கே நிலைத்துவிட்டது. இதில் டிஸ்க்குக்கென்று சொந்த மூளை கிடையாது. காந்த மாற்றங்களை மின்துடிப்புகளாக அப்படியே கேபிள் வழியே அனுப்பும். அதை பைட்டாகப் பிரித்தெடுப்பது முழுக்கக் கன்ட்ரோலரின் வேலை. ஆகவே ஒரு கன்ட்ரோலர் எழுதியதை வேறு நிறுவனத்தின் கன்ட்ரோலர் படிக்கும் என்று நம்ப முடியாது. கார்டை மாற்றினால் அடிமட்ட ஃபார்மட்டிலிருந்து தொடங்க வேண்டும், டிஸ்க்கில் இருந்ததெல்லாம் போகும். காயலான் கடையில் டிஸ்க் கிடைத்தால் அதோடு இருந்த கார்டையும் கேட்டு வாங்குங்கள் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதனால்தான்.

இந்த வகைக்குள்ளேயே எம்எஃப்எம், ஆர்எல்எல் என இரண்டு எழுத்து முறைகள் உண்டு. எம்எஃப்எம்மில் ஒரு டிராக்குக்கு 17 செக்டர், ஆர்எல்எல்லில் 26. சீகேட்டின் 20 எம்பி எஸ்டி-225க்கும் 30 எம்பி எஸ்டி-238ஆருக்கும் உள்ள வேறுபாட்டுக்கு இதுவே காரணம். ஆர்எல்எல்லுக்கென்று தேறாத டிஸ்க்கை ஆர்எல்எல் கார்டில் மாட்டினால் முதலில் வேலை செய்வதுபோல் தெரியும், பிறகு பிழைகள் வரத் தொடங்கும்.

வேகத்தையும் இங்கேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். டிஸ்க் வினாடிக்கு 60 சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றில் 17 செக்டர், ஒவ்வொன்றும் 512 பைட். ஒன்றுவிடாமல் படித்தால் வினாடிக்குச் சுமார் 5,22,000 பைட் வர வேண்டும். ஆனால் ஐபிஎம் எக்ஸ்டியின் கார்டு ஒரு செக்டரைப் படித்து முடித்து அடுத்ததற்குத் தயாராவதற்குள் பல செக்டர்கள் கடந்துவிடும். அதனால் வரிசையில் அடுத்த செக்டரை ஆறு இடம் தள்ளி எழுதினார்கள். ஒரு டிராக்கைப் படிக்க ஆறு சுற்று ஆகும். கிடைப்பது வினாடிக்குச் சுமார் 87,000 பைட். நாற்பது ஆண்டுகளுக்கு முன் அதுவே ஃபிளாப்பியை விடப் பெரிய முன்னேற்றம்.

புதிதாக ஒன்றைப் போட வேண்டுமென்றால் என் தேர்வு ஐடிஇ. 1986இல் காம்பேக் கணினிகளில் வரத் தொடங்கிய இந்த முறையில் கன்ட்ரோலரின் மூளை டிஸ்க்கிலேயே இருக்கிறது. கேபிளும் ஒன்றுதான், 40 பின். கேமராவில் பயன்பட்ட காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டு இதே மொழியைப் பேசும். ஆகவே மலிவான அடாப்டர் ஒன்று போதும், சுழலும் பாகமே இல்லாத டிஸ்க் கிடைத்துவிடுகிறது. ஐபிஎம்மின் முதல் பிசியில் மின்வழங்கி வெறும் 63.5 வாட், அந்தப் பெட்டிக்குப் பழைய சுழலும் டிஸ்க்கைவிட இதுவே பொருத்தம்.

ஐடிஇ 16 பிட் பாதையை எதிர்பார்க்கும், எக்ஸ்டியின் ஸ்லாட்டோ 8 பிட். அந்த இடைவெளியை நிரப்ப ஆர்வலர்கள் வடிவமைத்ததுதான் எக்ஸ்டி-ஐடிஇ கார்டு. அதிலுள்ள ரோமில் எக்ஸ்டிஐடிஇ யுனிவர்சல் பயாஸ் என்ற இலவசத் திறந்தமூல நிரல் இருக்கும். பூட் செய்யும் பொறுப்பு முழுவதையும் அது ஏற்கும்.

ஏடி, 386, 486 கணினிகளில் பயாஸுக்கே டிஸ்க் தெரியும் என்பதால் சாதாரண ஐடிஇ கார்டே போதும். ஆனால் அந்தக் காலத்து பயாஸில் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் என்ற எல்லை உண்டு. பெருக்கினால் சுமார் 528 எம்பி. இன்னும் பழையவற்றில் பட்டியலில் உள்ள டிஸ்க் வகைகளை மட்டுமே தேர்ந்தெடுக்க முடியும். இதற்கும் வழி இருக்கிறது. பழைய நெட்வொர்க் கார்டுகள் பலவற்றில் பூட் ரோமுக்கென்று ஒரு காலி சாக்கெட் இருக்கும். அதே யுனிவர்சல் பயாஸை ஒரு சிப்பில் எழுதி அங்கே செருகினால் எல்லை விலகிவிடும். டாஸ் பதிப்பையும் பாருங்கள்: 3.3இல் ஒரு பார்ட்டிஷன் 32 எம்பிக்கு மேல் போகாது, 6.22இல் 2 ஜிபி வரை போகலாம்.

ஸ்கஸி என்ற இணைப்பு முறையும் நல்லதுதான், ஆனால் டாஸ் கணினிக்கு அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஏற்கெனவே ஸ்கஸி உள்ள ஆப்பிள் மேகின்டாஷ் போன்றவற்றுக்கு எஸ்டி கார்டைப் பயன்படுத்தும் புளூஸ்கஸி போன்ற மாற்றுகள் உள்ளன. ஸ்கஸி கார்டு வாங்கினால் அதில் பூட் ரோம் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கேனருக்கென்று கூடவே வந்த கார்டுகள் பலவற்றில் இருக்காது.

1984-85இல் கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்தின் கீழ் நம் நாட்டுப் பள்ளிகளுக்குச் சென்ற பிபிசி மைக்ரோ கணினியிலும் இதே விதிதான். அதன் ஹார்டு டிஸ்க் ஒரு மெகாஹெர்ட்ஸ் பஸ் என்ற இணைப்பில் சேரும். ஏடிஎஃப்எஸ் என்ற கோப்பு முறையின் ரோமை உள்ளே செருகாவிட்டால், வெளியே எதை மாட்டினாலும் அந்தக் கணினிக்கு அது தெரியாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பழைய டிஸ்க் இன்னும் சுழல்கிறது என்றால் புதுக் கார்டைப் போடும் முன் அதை நகலெடுத்து வையுங்கள். பீகிள்போன் பலகையில் இயங்கும் எம்எஃப்எம் எமுலேட்டர் மூலம் டிஸ்க்கை அலை அளவிலேயே படித்து வைக்கவும் முடியும். எஸ்டி-225 போன்றவை மின்சாரம் நின்றால் தாமாக ஹெட்டைப் பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்தாது. வண்டியில் ஏற்றும் முன் பார்க் நிரலை ஓட்டிவிடுங்கள். ஆலை அலுவலகத்திலிருந்து வந்த டிஸ்க்காக இருந்தால், அங்கே இன்னும் ஓடும் ஏதோ ஓர் இயந்திரத்தின் அமைப்புக் கோப்பு வேறெங்கும் இல்லாமல் அதில் மட்டுமே இருக்கக்கூடும். அழிக்கும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.