95 வாங்கிய பிள்ளைக்கு எப்படி அரியர்?

இன்ஜினியரிங் முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்ததும் பல வீடுகளில் எழும் கேள்வி இது: “பிளஸ் டூ கணக்குல 95 வாங்கினவன், எம்-ஒன்ல எப்படி அரியர் வைப்பான்?” செல்போன், சினிமா, ஹாஸ்டல் சேர்க்கை என்று காரணங்கள் அடுக்கப்படும். டீயை ஊற்றிக்கொண்டு நிதானமாகப் பார்ப்போம். காரணம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது.

அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியை எடுத்துக்கொள்வோம். 2021 ரெகுலேஷன்படி, முதல் செமஸ்டரில் ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், பைத்தான், தமிழர் மரபு ஆகியவற்றோடு ‘மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’ என்றொரு பாடம் உண்டு. எம்-ஒன் என்று பிள்ளைகள் சொல்வது அதைத்தான். பெயர்களைப் பார்த்தால் பிளஸ் டூவே இன்னொரு முறை வருவதுபோல் தெரியும். பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து ஏமாறுவது இங்கேதான்.

அந்த 95 எப்படி வந்தது? கையில் ஒரே ஒரு பாடநூல். அதன் பயிற்சிக் கணக்குகளை வகுப்பில் ஒருமுறை, டியூஷனில் ஒருமுறை, திருப்புதல் தேர்வுகளில் பலமுறை போட்டாயிற்று. சில தனியார் பள்ளிகளில் பிளஸ் ஒன்னிலேயே பிளஸ் டூ பாடம் தொடங்கிவிடும். பரீட்சை ஹாலில் புதிதாக வரும் கணக்கு குறைவு. அந்த மார்க் பொய்யில்லை. ஆனால் அதில் பாதி அறிவு என்றால், மீதி பழக்கம்; அந்தப் பழக்கத்தை நாள் குறித்து ஊட்டியது பள்ளிக்கூடம்.

இப்போது எம்-ஒன்னுக்கு வருவோம். ஐந்து யூனிட், ஒவ்வொன்றுக்கும் 12 பீரியட், ஆக 60. முதல் யூனிட்டிலேயே ஐகன் மதிப்பு வந்துவிடும். ஓர் அணியால் ஒரு திசையனைப் பெருக்கினால் அது பொதுவாகத் திசை மாறிவிடும். சில திசையன்கள் மட்டும் தம் கோட்டை விட்டு விலகாமல் நீளும், அல்லது சுருங்கும். எத்தனை மடங்கு என்று சொல்லும் எண்தான் ஐகன் மதிப்பு. மாநிலப் பாடத்திட்டத்தில் படித்த பிள்ளை இதைப் பிளஸ் டூவில் பார்த்ததில்லை. இதோடு கேய்லி–ஹாமில்டன் தேற்றம், இருபடி வடிவம் எல்லாம் அதே 12 பீரியடுக்குள். ஆசிரியர் ஒவ்வொரு வகையிலும் ஓரிரு கணக்கு போட்டுக் காட்டுவார். பள்ளியில் கிடைத்த அந்தப் பத்தாவது முறை இங்கே யாரும் தருவதில்லை.

பள்ளிப் பாடநூலுக்குப் பதிலாக இங்கே கையில் தருவது சிலபஸ். ஒரு பக்கத்தில் தலைப்புகளின் வரிசை, அவ்வளவுதான். அது மளிகைச் சீட்டு மாதிரி: என்னென்ன வேண்டும் என்று சொல்லும், எப்படிச் சமைப்பது என்று சொல்லாது. பார்வை நூல்கள் நூலகத்தில் இருக்கும். எந்தப் பக்கம் என்று பிள்ளைதான் தேட வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு ஹாஸ்டல் ஞானம் வந்து சேரும்: “மூணு யூனிட் படிச்சா பாஸ்டா மச்சி.” கணக்குப் போட்டுப் பார்ப்போம். வினாத்தாளில் இரண்டு மதிப்பெண் வினா பத்து, 16 மதிப்பெண் வினா ஐந்து. யூனிட்டுக்கு இரண்டு சிறு வினா, ஒரு பெரிய வினா என்று வைத்தால் 20 மதிப்பெண். மூன்று யூனிட்டுக்கு 60. ஒரு பெரிய கணக்கு இடறினாலே 44; தேறத் தேவையான 45-க்குக் கீழே. அதைவிடப் பெரிய சிக்கல், இந்த யூனிட்டுகள் தனித்தனி இல்லை. மூன்றாவதில் வரும் பகுதி வகையிடலுக்கு இரண்டாவது வேண்டும். ஐந்தாவதில் வரும் இரட்டைத் தொகையிடலுக்கு நான்காவது வேண்டும். வேதியியலில் பலிக்கும் தந்திரம் கணக்கில் பலிக்காது.

“இன்டர்னல் காப்பாத்தும்” என்பதும் அரை உண்மைதான். இன்டர்னல் 40, பல்கலைக்கழகத் தேர்வு 60. மொத்தத்தில் 50 எடுத்தால் பாஸ். இன்டர்னலில் 38 வாங்கியவன், வெளித்தேர்வில் 100க்கு 20 எடுத்தால் போதும் என்று நினைப்பான். வெளித்தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதம் எடுத்தாக வேண்டும் என்ற விதி பல பேருக்கு ரிசல்ட் அன்றுதான் தெரியவருகிறது.

தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள் முதலில் ஆங்கிலத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். இயற்பியலில் அந்தப் பயம் நியாயம், பத்தி பத்தியாக எழுத வேண்டும். ஆனால் கணக்குத் தாளில் ‘ஃபைண்ட்’, ‘எவாலுவேட்’, ‘வெரிஃபை’ போன்ற சில சொற்களே திரும்பத் திரும்ப வரும். என் பார்வையில் அவர்களுக்கு எம்-ஒன்தான் மொழித் தடை குறைந்த பாடம்.

பழக்கத்தை யாரும் ஊட்டாதபோது அதை எங்கே தேடுவது? அட்டவணையில் டுட்டோரியல் என்று ஒரு பீரியட் இருக்கும். பிள்ளைகள் கணக்குப் போட, ஆசிரியர் பக்கத்தில் நின்று பார்ப்பதற்கானது அது. பல இடங்களில் அது ரெக்கார்டு எழுதும் நேரமாகிவிடுகிறது, அப்படி விடக்கூடாது. காலையில் கரும்பலகையில் பார்த்ததை அன்றிரவே நோட்டை மூடிவைத்து ஒருமுறை போடலாம். பழைய பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தை எடைக்குப் போடாமல் ஹாஸ்டலுக்கு எடுத்துப் போவது இன்னும் நல்லது. நான்காம் யூனிட் தொகையிடலில் சிக்கும்போது, தமிழிலோ ஆங்கிலத்திலோ அவன் ஏற்கெனவே விரல் பதித்த பக்கங்கள் அதில்தான் இருக்கின்றன.

அரியர் விழுந்தே விட்டாலும் ஆண்டு போகாது. அடுத்த செமஸ்டர் தேர்வோடு மறுபடி எழுதலாம். அப்போது முதல் யூனிட்டிலிருந்து தொடங்காமல், மற்றவை தொங்கிக்கொண்டிருக்கும் இரண்டையும் நான்கையும் முதலில் முடிப்பது உத்தமம்.