நீர்மேல் நடக்கும் நண்பன்

காலை வெயில் ஏறும் நேரத்தில், தெளிந்த குளத்தின் படித்துறையில் நின்று நீரை நோக்குவோர் ஒரு விந்தையைக் காணலாம். நெடிய மெல்லிய கால்களை விரித்துக்கொண்டு கரிய சிறு பூச்சியொன்று நீரின்மேல் நிற்கும், சட்டென ஒரு முழம் வழுக்கிச் செல்லும், மீண்டும் நிற்கும். ஆழமற்ற இடமாயின் அதன் நிழல் அடிமண்ணில் விழும். அந்நிழலில் கால் ஊன்றிய இடங்கள் மட்டும் பெரிய வட்டங்களாகத் தோன்றும். காலின்கீழ் நீர் கிழியாமல் குழிந்து நிற்பதும், அக்குழி ஒளியை விலக்குவதுமே அவ்வட்டங்களுக்குக் காரணம்.

இதனைச் சிலந்தி என்று எண்ணுவோர் உளர். சிலந்திக்குக் கால் எட்டு, இதற்கு ஆறுதான். நெற்கதிரின் பாலை உறிஞ்சும் கதிர்நாவாய்ப் பூச்சியும், கட்டிலில் குடியிருக்கும் மூட்டைப்பூச்சியும் இதன் தூரத்து உறவினர். அவற்றைப் போலவே குத்தி உறிஞ்சும் வாய் இதற்கும் உண்டு. ஆயினும் இது பயிரையோ நம்மையோ நாடுவதில்லை. நீரில் தவறி விழும் பூச்சிகளே இதன் உணவு.

நூலும் காலும்

இப்பூச்சி நீரில் அமிழாதிருப்பதன் காரணத்தை நெசவாளர் எளிதில் விளங்கிக்கொள்வர். கோரா நூல் சிட்டத்தை அப்படியே நீரில் இட்டால் அது விரைவில் நனைவதில்லை. பருத்தி இழையின்மேல் இயற்கையாகப் படிந்துள்ள மெழுகு நீரைத் தள்ளுகிறது. அதனாலன்றோ சாயம் ஏற்றுமுன் சோடா இட்டு வேகவைக்கிறோம்! இப்பூச்சியின் கால்களிலும் மெழுகு பூசிய ஆயிரக்கணக்கான நுண்மயிர்கள் உள்ளன. ஒவ்வொரு மயிரிலும் மிக நுண்ணிய வரிப்பள்ளங்கள் இருப்பதையும், அவற்றில் காற்றுத் தங்கி நீரை விலக்குவதையும் சீன விஞ்ஞானிகள் 2004-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒரே கால், பூச்சியின் எடையைப்போல் சுமார் 15 மடங்கைத் தாங்கும் என்பது அவர்கள் கண்ட கணக்கு.

கால் மட்டும் போதாது. நீரும் தாங்க வேண்டும். நீர்த்துகள்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்வதால் நீரின் மேற்பரப்பு விறைத்த தோல்போல் அமைகிறது. இதனைப் பரப்பு இழுவிசை என்பர். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கிண்ணத்து நீரில் உலர்ந்த தையல் ஊசியைப் படுக்கைவாட்டில் மெல்ல விட்டால் அது மிதக்கும். ஓரத்தில் ஒரு துளி சோப்புக் கரைசலை விடுங்கள். ஊசி அக்கணமே மூழ்கும். ஊசிக்கு நேர்ந்ததே இப்பூச்சிக்கும் நேரும் என்பதை நினைவிற் கொள்க.

ஓட்டமும் பேச்சும்

முன்கால்கள் இரண்டும் குட்டையானவை. இரையைப் பற்றும் கைகள் அவை. நடுக்கால்கள் துடுப்பு, பின்கால்கள் சுக்கான். துடுப்பு வீச்சு நீரைத் தள்ளும் விதம் நெடுநாள் புதிராயிருந்தது. 2003-இல் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஹூ, சான், புஷ் என்போர் சாயமிட்ட நீரில் இதனை ஓடவிட்டு ஆராய்ந்தனர். ஒவ்வொரு வீச்சிலும் நீருக்கடியில் சிறு சுழல்கள் தோன்றிப் பின்னோக்கிச் செல்வதையும், அதன் எதிர்விளைவாகவே பூச்சி முன்னேறுவதையும் கண்டனர்.

குளப்பரப்பே இதற்குக் காதும் நாவுமாகும். ஈ ஒன்று விழுந்து தத்தளித்தால் எழும் சிற்றலையைக் கால்களால் உணர்ந்து ஓடிவரும். ஆண்பூச்சி காலால் நீரைத் தட்டி அலையெழுப்பித் தன்னை அறிவிக்கும். வில்காக்ஸ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஆண்பூச்சிகளின் கண்களை மறைத்து வைத்தும், அவை அலையைக் கொண்டே ஆண், பெண் வேற்றுமையை அறிந்தன என்று 1979-இல் காட்டினார். ஒரே இனத்தில் இறகுள்ளவையும் இறகற்றவையும் பிறப்பதுண்டு. குளம் வற்றினால் இறகுள்ளவை வேறு நீர்நிலை தேடிப் பறந்துவிடும்.

வயலில் இதன் சுற்றம்

உழவர் அறிய வேண்டியது இதன் சிறிய உறவுப்பூச்சி ஒன்றை. மைக்ரோவீலியா என்பது அதன் பெயர், எள்ளினும் சிறியது, நெல்வயலின் நீர்மேல் கூட்டமாக ஓடித் திரியும். புகையான், தூரின் அடியில் நீர்மட்டத்தை ஒட்டி அமர்ந்து சாற்றை உறிஞ்சும் என்பது யாவரும் அறிந்ததே. அதன் குஞ்சுகள் தவறி நீரில் விழுந்ததும் மைக்ரோவீலியாக்கள் பல சேர்ந்து சூழ்ந்துகொள்ளும். ஒரு பூச்சி நாளொன்றுக்கு நான்கு முதல் ஏழு வரை உண்ணும்.

கண்மூடி மருந்தடித்தால் என்னவாகும்? புகையான் தன் முட்டைகளை இலையுறைக்குள் வைக்கிறது. மருந்து அங்கே எட்டுவதில்லை. நீர்மேல் திறந்தவெளியில் நிற்கும் நண்பர்களும் சிலந்திகளும் மடிகின்றன. பின்னர்ப் பொரிக்கும் குஞ்சுகளுக்குத் தடுப்பாரில்லை. இந்தோனேசியாவில் இவ்வாறு புகையான் பெருகிய பின்னரே, 1986-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்கு அடிக்கலாகாதெனத் தடுத்தது. நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையும் நண்பர்களைக் கணக்கில் சேர்க்கிறது: சிலந்தி இல்லாத வயலில் தூர் ஒன்றுக்கு ஒரு புகையான் கண்டால் நடவடிக்கை, குத்துக்கு ஒரு சிலந்தி இருப்பின் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம்.

நாம் செய்யத்தக்கவை

மருந்தடிக்குமுன் வயலில் இறங்கித் தூரை விலக்கிப் பகைவரையும் நண்பரையும் எண்ணுவோம். இலையில் மருந்து படர்வதற்கெனச் சேர்க்கும் சோப்பு நீரும், தெளிப்பான் கழுவிய நீரும் வாய்க்காலில் விழாமல் காப்போம். சாயச்சாலையின் சோப்புக் கழிவைக் குளத்தில் விடுதலும் ஆகாது. நுரை படர்ந்த நீரில் இப்பூச்சியால் கால் ஊன்ற முடியாது.

இப்பூச்சி இருப்பதனாலேயே ஒரு குளத்து நீர் குடிக்கத் தக்கதென்று கொள்ளலாகாது. ஆனால் நேற்றுவரை கூட்டமாக ஓடிய இடம் இன்று வெறிச்சோடியிருந்தால், நீர்ப்பரப்பில் வேண்டாதது ஏதேனும் கலந்ததோ என்று ஐயுற இடமுண்டு. நூல் அலசும் கையும் நாற்று நடும் கையும் ஒரே நீரைத்தான் தொடுகின்றன. அந்நீரின் மெல்லிய தோலைக் கிழியாமல் வைத்திருப்பது, நெசவாளர், உழவர் ஆகிய இரு திறத்தார்க்கும் பொதுக் கடமையாகும்.