மாத்திரைக்கு வழி தெரியுமா?

தலைவலிக்குப் போட்ட மாத்திரை தலையை எப்படிக் கண்டுபிடிக்கிறது? கண்டுபிடிப்பதே இல்லை. அது உடம்பு முழுக்கச் சுற்றுகிறது. போகிற வழியில் தலையும் இருக்கிறது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வீடு இருக்கும் பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம். விழுங்கிய மாத்திரை இரைப்பையில் உடைந்து கரைகிறது. ஆனால் அங்கிருந்து ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. சிறுகுடலுக்கு இறங்கிய பிறகுதான் மருந்து உறிஞ்சப்படுகிறது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போட்டால் பலன் தாமதமாவது இதனால்தான். வெறும் வயிறாக இருந்தால், அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் அதன் அளவு உச்சத்தைத் தொட்டுவிடும்.

குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் நேரே இதயத்துக்குப் போவதில்லை. முதலில் கல்லீரலுக்குள் நுழைகிறது. அங்கே மருந்தில் ஒரு பங்கு கழிந்துவிடுகிறது. நெஞ்சுவலிக்கான நைட்ரோகிளிசரினை விழுங்கினால் பெரும்பகுதி அங்கேயே அழிந்துவிடும். அதனால்தான் அதை நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்கிறார்கள். வாயிலிருந்து போகும் ரத்தம் கல்லீரலுக்குள் நுழையாமலே இதயத்தை அடைகிறது.

சுற்றிவரும் பாராசிட்டமால் மூளைக்குள்ளும் போகிறது. உடம்புச் சூட்டை ஏற்றச் சொல்லி அங்குள்ள வெப்பக் கட்டுப்பாட்டு மையத்தைத் தூண்டுவது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். அது உருவாவதை மருந்து குறைக்கிறது. வியர்த்துக் காய்ச்சல் இறங்குகிறது. காய்ச்சலுக்குக் காரணமான கிருமிக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை.

இதற்கிடையே கல்லீரல் மருந்தை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. 2 முதல் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் இருப்பது பாதியாகும். பெரும்பகுதி தீங்கற்ற பொருளாக மாறிச் சிறுநீரில் போய்விடும். சிறு பங்கு மட்டும் நஞ்சாக மாறுகிறது. கல்லீரலில் இருக்கும் குளுட்டாதயோன் அதை உடனே அடக்கிவிடுகிறது. அளவு மீறினால் அந்தக் கையிருப்பு தீர்ந்து, நஞ்சு கல்லீரலையே அரிக்கும். முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் ஆபத்து.

ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளின் உச்சவரம்பு 4 கிராம், 650 மி.கி. மாத்திரையில் ஆறுதான். கல்லீரல் நோய் உள்ளவர்களும் குடிப்பழக்கம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. சளிக்கென்று வாங்கும் மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போடுவதற்கு முன் அட்டையின் பின்புறத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.